ஐ5-6500டி-யா, செலரான் ஜே4125-ஆ: வாட்டையும் வருஷத்தையும் பார்த்து வாங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. குரோம்பேட்டைக்காரர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு சின்னக் கணினிப் பெட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, கம்பெனியில் ஓடிவிட்டு வந்த, இன்டெல் ஐ5-6500டி புராசஸர் போட்டது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை 8,500 ரூபாய். இன்னொன்று இன்டெலின் செலரான் ஜே4125 போட்டது. அதே 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி, அட்டைப்பெட்டி பிரிக்காதது, 9,500 ரூபாய். பையன் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். மனைவி வீட்டிலேயே தையல் தொழில் நடத்துகிறார். பில், எக்செல் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் இதில்தான். ராத்திரி டிவியில் மாட்டி யூடியூப் பார்க்க வேண்டும். முடிந்தால் வீட்டுப் போட்டோக்களைச் சேர்த்து வைக்க நாள் முழுக்க ஓடவிடவும் ஆசை. "ஒன்று 35 வாட், மற்றது 10 வாட். ஒன்று 2015, மற்றது 2019. கரண்ட் பில்லும் வருஷமும் செலரான் பக்கம்தானே இருக்கிறது? நண்பர் மட்டும் ஏன் ஐ5 எடு என்கிறார்?" என்று கேட்கிறார்.

நண்பர் சொல்வதுதான் சரி. உங்கள் வீட்டு வேலைக்கு 6500டி எடுங்கள். ஆனால் விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு வேறு ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 35, 10 கணக்கைத் தீர்த்துவிடலாம், உங்களைக் குழப்புவது அதுதான்.

புராசஸரின் மேல் போட்டிருக்கும் வாட் எண், அது எப்போதும் இழுக்கும் கரண்ட் அல்ல. புராசஸர் தன் அடிப்படை வேகத்தில் நீண்ட நேரம் முழு வேலை செய்தால் எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டியிருக்கும், அதற்கு எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் வைக்க வேண்டும் என்று பெட்டி செய்பவருக்கு இன்டெல் கொடுக்கும் கணக்கு அது. வீட்டுக் கணினி அப்படியா ஓடுகிறது? பையன் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருப்பான், எக்செல் திறந்தபடி இருக்கும், இடையில் சாப்பாட்டு நேரம். பத்து நிமிஷத்தில் ஒன்பது நிமிஷம் புராசஸர் தூங்குகிறது. தூக்கத்தில் 6500டி-யின் ஸ்கைலேக் தலைமுறை ரொம்பவே சிக்கனமானது. பிளக்கில் மீட்டர் வைத்து அளந்தால், சும்மா இருக்கும் 6500டி பெட்டி மொத்தமாகப் பத்து வாட் பக்கம் காட்டும். ஜே4125 பெட்டி ஐந்து, ஆறு வாட் காட்டும். வித்தியாசம் 25 வாட் இல்லை, ஐந்து வாட்தான்.

இதை யூனிட்டில் பாருங்கள். நீங்கள் பயந்தபடி 25 வாட் வித்தியாசம் நாள் முழுக்க இருந்தால், 60 நாளைக்கு 36 யூனிட் ஆகும். அது பில்லில் தெரியும்தான். உண்மையில் ஐந்து வாட், தினமும் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 2.4 யூனிட். இரவு பகலாக ஓடவிட்டால் 7.2 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் மட்டும் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடும். நீங்கள் சரியாக அந்த 500 கோட்டில் நிற்கும் வீடாக இருந்தால்தான் இந்த ஏழு யூனிட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் ஒரு யோசனை: பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டில் ஓடும். தினமும் பத்து மணி நேரம் சுற்றும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். கணினியில் மிச்சம் பிடிப்பதைவிட அது லாபம்.

முழுச் சுமையில் வித்தியாசம் நிஜமாகவே பெரிது. 6500டி பெட்டி பிளக்கில் 45 வாட் பக்கம் போகும், ஜே4125 சுமார் 20 வாட்டோடு நிற்கும். ஆனால் அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. வேகமான சிப் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுத் திரும்பத் தூங்கப் போகிறது, மெதுவானது கூடுதல் நேரம் விழித்திருக்கிறது. அதனால் ஒரே வேலைக்கு ஆகும் மொத்தச் செலவில் இடைவெளி இன்னும் குறைகிறது. மணிக்கணக்கில் வீடியோ மாற்றும் ஆட்களுக்குத்தான் முழுச்சுமைக் கணக்கு முக்கியம், உங்களுக்கு இல்லை.

அடுத்து, வருஷம். 2019 என்றதும் 2015-ஐவிட நான்கு வருஷம் புதுசு என்று தோன்றும். ஜே4125 கடைக்கு வந்தது 2019 கடைசியில்தான், ஆனால் அதன் உள்கட்டமைப்பு 2017 டிசம்பரில் ஜெமினி லேக் என்ற பெயரில் வந்தது. அதற்குள் இருப்பது கோல்ட்மான்ட் பிளஸ் என்ற கோர் (கணக்குப் போடும் பகுதி), அதாவது 'ஆட்டம்' (Atom) என்ற இன்டெலின் மலிவு சிப் வம்சம். நெட்புக் என்ற குட்டி மடிக்கணினிகளின் காலத்தில் அந்த 'ஆட்டம்' சிப் போட்டது வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டாலே ஒரு நடுக்கம் வரும். கோல்ட்மான்ட் பிளஸ் அவ்வளவு மோசமில்லை, நிறையத் திருந்தியிருக்கிறது. இருந்தாலும் விலை குறைய வேண்டும், சிப்பின் அளவு சிறியதாக இருக்க வேண்டும், சூடு குறைய வேண்டும் என்று தொடங்கி வரைந்த கோர் அது. 6500டி-யில் இருக்கும் ஸ்கைலேக், அந்த நாளில் பெரிய மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் இன்டெல் போட்ட அதே கோர். வேகத்தை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, 65 வாட் 6500-ஐ 35 வாட்டில் அடக்கியிருக்கிறார்கள். பெயரின் கடைசியில் வரும் 'டி' அதற்குத்தான். இரண்டுமே 14 நானோமீட்டர் முறையில் செய்தவை என்பதையும் கவனியுங்கள். தயாரிப்பு முறையில் புதுசு, பழசு என்று சொல்ல இங்கே பெரிதாக எதுவும் இல்லை.

இரண்டிலும் நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை). 6500டி-யின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.1. ஜே4125-க்கு 2.0, உச்சம் 2.7. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் 15 சதவீதம்தானே என்று தோன்றும். விஷயம் ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதில் இருக்கிறது. அடுத்து வரும் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைத்து, முடிக்க முடிந்ததை முதலில் முடிக்கும் ஜன்னல் ஸ்கைலேக்கில் 224 இடம் கொண்டது, கோல்ட்மான்ட் பிளஸ்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. 6500டி-க்கு நான்கு கோரும் பகிரும் 6 எம்பி மூன்றாம் அடுக்குக் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உண்டு. ஜே4125-க்கு மூன்றாம் அடுக்கே கிடையாது, 4 எம்பி இரண்டாம் அடுக்கோடு முடிந்தது. இதெல்லாம் சேர்ந்து, ஒற்றைக் கோர் வேலையில் 6500டி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். நான்கு கோரும் சேர்ந்து ஓடினாலும் அதே அளவு இடைவெளி, சில வேலைகளில் அதற்கும் மேலே. ஸ்கைலேக்கில் பின்னால் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளுக்கு, உதாரணமாக 2022-இல் வெளிவந்த ரெட்பிளீட், போட்ட ஒட்டுகள் அதன் வேகத்தைக் கொஞ்சம் தின்கின்றன. தின்ற பிறகும் அதுதான் முன்னால் நிற்கிறது.

கையில் இது எப்படித் தெரியும் என்றால், பிரவுசரில்தான் அதிகம் தெரியும். இன்றைய வலைப்பக்கம் ஒவ்வொன்றும் ஒரு மென்பொருள். ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே போய், ஜிஎஸ்டிஆர்-1 விவரம் ஏற்றி, ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருக்கும்போது ஒற்றைக் கோர் வேகம்தான் பேசும். (கடைசித் தேதியன்று தளமே திணறினால் எந்தப் புராசஸரும் உதவாது, அது வேறு கதை.) ஜே4125-இல் ஐந்து டேப் வரை ஒன்றும் தெரியாது. பத்து டேப், கூடவே ஒரு வாட்ஸ்அப் வெப், ஒரு ஆன்லைன் வகுப்பு என்று சேர்ந்தால் தட்டிய எழுத்து திரையில் அரை நொடி தாமதமாக வரத் தொடங்கும். அந்த அரை நொடிதான் மனுஷனைப் படுத்தும். 6500டி-யில் அதே சுமை வந்தால் முதலில் ரேம் தீரும், புராசஸர் தீராது. ரேம் தீர்ந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

ரேம் என்றதும் சொல்ல வேண்டியது: ஜே4125-க்கு இன்டெல் அறிவித்த உச்சம் 8 ஜிபி. அதற்கு மேல் போட்டும் பலருக்கு வேலை செய்கிறது, ஆனால் மலிவான பெட்டிகள் நிறையவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், கழற்றவே முடியாது. 6500டி 64 ஜிபி வரை ஏற்கும். கம்பெனிப் பெட்டிகளில் பெரும்பாலும் மடிக்கணினி ரேம் போடும் இரண்டு ஸ்லாட் இருக்கும். ஒன்றில் 8 இருந்தால் இன்னொரு 8 போடுங்கள்; இரண்டு வழியில் தரவு ஓடுவதால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். ஒரு எச்சரிக்கை, 6500டி டிடிஆர்4-ஐயும் ஏற்கும், டிடிஆர்3எல்-ஐயும் ஏற்கும். எது என்பது போர்டைப் பொறுத்தது. கூடுதல் ரேம் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள், இரண்டும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காராது.

செலரானை இவ்வளவு நேரம் மட்டம் தட்டியாயிற்று. அது ஜெயிக்கும் இடத்துக்கும் வரலாம்: வீடியோ. 6500டி-யில் இருக்கும் ஹெச்டி கிராபிக்ஸ் 530-க்கு 24 இயக்க அலகுகள், ஜே4125-இன் யுஹெச்டி 600-க்கு 12 மட்டும். விளையாட்டு என்று வந்தால் 530 தான் மேல். ஆனால் வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலை தனிப் பாகத்தில் நடக்கிறது, அந்தப் பாகம் யுஹெச்டி 600-இல் ஒரு தலைமுறை புதியது. 10-பிட் ஹெச்இவிசி, விபி9 என்ற இரண்டு வீடியோச் சுருக்க வடிவங்களையும் அது முழுக்க வன்பொருளிலேயே பிரிக்கும். ஸ்கைலேக்கில் ஹெச்இவிசி 8-பிட் வரைதான் முழு வன்பொருள். விபி9-ஐ அரைகுறையாகக் கிராபிக்ஸ் பாகமும் புராசஸரும் பங்கு போட்டுக்கொள்ளும். இதோடு ஹெச்டிஎம்ஐ. ஜே4125 4கே திரைக்கு நொடிக்கு 60 முறை படம் அனுப்பும் ஹெச்டிஎம்ஐ 2.0-வை நேரடியாகத் தரும். 6500டி பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ வழியே 4கே போனால் பொதுவாக 30 தான், 60 வேண்டும் என்றால் டிஸ்பிளேபோர்ட் வழியாகப் போக வேண்டும். டிவியில் டிஸ்பிளேபோர்ட் இருக்காது, அதற்கென்று மாற்றி வாங்க வேண்டும்.

ஆக, உங்கள் டிவி 4கே என்றால் செலரானுக்கு ஒரு மதிப்பெண். 1080 டிவி என்றால் அந்த மதிப்பெண் கிடையாது, 6500டி மென்பொருளிலேயே அதைத் தூக்கிச் சுமந்துவிடும். யூடியூப் இப்போது ஏவி1 வடிவத்தையும் நிறைய அனுப்புகிறது, அதைப் பிரிக்கும் வன்பொருள் இரண்டிலுமே இல்லை. அந்த நேரத்தில் வெறும் புராசஸர் பலம்தான் கை கொடுக்கும், செலரான் அங்கே மூச்சு வாங்கும். பழைய வடிவத்தையே கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சிகள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. சரி, இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன். டிவியே ஸ்மார்ட் டிவியாக இருந்தால் யூடியூபுக்கு இந்தப் பெட்டியை இழுக்கவே தேவையில்லை.

இப்போது விண்டோஸ் முடிச்சு. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் இன்டெல் கோர் வகை எட்டாம் தலைமுறையில் இருந்துதான் தொடங்குகிறது. 6500டி ஆறாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. அதைவிட மெதுவான ஜே4125 இருக்கிறது! ஓடக்கூடியதற்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ளது ஓடாது. செலரானில் விண்டோஸ் 11 போட்டு, பின்னால் அப்டேட் இறங்கும் நேரத்தில் ஒரு எக்செல் திறந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தாலும் வீட்டுக் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரைதான்.

பட்டியலில் இல்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றலாம், ரிச்சி தெருவில் கேட்டால் பத்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் கையால் மறுபடி குறுக்குவழி தேட வேண்டும். வாடிக்கையாளர் பணமும் வங்கிக் கணக்கும் புழங்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

உங்கள் வீட்டு வேலையைத் திரும்பப் பாருங்கள், விண்டோஸ் எங்கே கட்டாயம்? பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும். மூன்றையும் லினக்ஸில் (விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச இயங்குதளம்) விண்டோஸைவிடச் சுலபமாக நிறுவலாம். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் ஓடுகிறது. தனி உரிமையாளர் தொழில் என்றால் மொபைலுக்கு வரும் ஓடிபி வைத்தே தாக்கல் செய்யலாம், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம் கம்பெனிகளுக்கும் எல்எல்பி-களுக்கும்தான். எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபீஸ் திறக்கும். மேக்ரோ நிறைய எழுதியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட் 22 பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, காசு கிடையாது. தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் வைத்திருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலை ஒன்று இருக்கும், அது விண்டோஸிலும் இருக்கும் தலைவலிதான்.

லினக்ஸ் என்றால் தமிழ்நாட்டுக்கு ஏதோ அந்நியம் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவில் உருவான பாஸ் லினக்ஸ், அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் மட்டும் என் பேச்சு மாறும். டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது. மனைவியின் கணக்கை ஆடிட்டர் டேலியில்தான் கேட்கிறார் என்றால், இந்த இரண்டு பெட்டிகளையும் தள்ளிவிட்டு ஐ3-8100டி அல்லது ஐ5-8500டி போட்ட பெட்டியைத் தேடுங்கள். இரண்டும் 2018-இல் வந்த எட்டாம் தலைமுறை, அதே 35 வாட், விண்டோஸ் 11 பட்டியலில் இருப்பவை. 8100டி-க்கு நான்கு கோர், 3.1 கிகாஹெர்ட்ஸ். 8500டி-க்கு ஆறு கோர், 3.5 வரை ஏறும். 10-பிட் ஹெச்இவிசி, விபி9 வன்பொருளும் அவற்றில் முழுசாக உண்டு. கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், ஆனால் நீங்கள் பட்டியலிட்ட எல்லா வேலைக்கும் மறு பேச்சில்லாத விடை அதுதான். கையில் இன்னும் மூன்று, நான்காயிரம் புரட்ட முடிந்தால் டேலி இல்லாவிட்டாலும் அதையே எடுக்கச் சொல்வேன்.

பையன் கல்லூரிக்குப் போனபின் வரும் ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்கைலேக்கில் ஏவிஎக்ஸ், ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்குப் போடும் வசதி அது. ஜே4125-இல் இது அறவே இல்லை. இல்லாவிட்டால் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். சில மென்பொருள் ஓடவே ஓடாது. மங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் 5.0-இல் இருந்து ஏவிஎக்ஸ் இல்லாத புராசஸரில் தொடங்காது. செயற்கை நுண்ணறிவுக்கான டென்சர்ஃப்ளோவின் ஆயத்தத் தொகுப்பும் அப்படித்தான், "தவறான கட்டளை" என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். முதல் வருஷ மாணவன் ராத்திரி பதினொரு மணிக்கு அந்த வரியைப் பார்த்து, தான் எழுதிய நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பான். பிழை சிப்பில்.

நாள் முழுக்க ஓடும் போட்டோ சேமிப்பு மட்டும்தான் வேலை என்றால், செலரானைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்த வேலைக்கென்றே அளவெடுத்த சிப் அது. சைனாலஜியின் டிஎஸ்920+ சேமிப்புப் பெட்டிக்குள் இருந்ததும் இதே ஜே4125 தான். வீட்டில் இரண்டு பேர் டிவியில் படம் பார்க்க வீடியோவை மாற்றி அனுப்பும் வேலையையும் சத்தமில்லாமல் செய்யும். ஆனால் உங்களுக்கு முதல் தேவை மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினி, சேமிப்பு கூடுதல் ஆசை. 6500டி அதையும் சேர்த்துச் செய்யும், இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் விலையில்.

சென்னை வெயில் பற்றி ஒரு வார்த்தை. ஜே4125 பெட்டிகளில் சில ஃபேன் இல்லாதவை, சத்தமே வராது என்று சொல்லி விற்பார்கள். அக்னி நட்சத்திரத்தில், ஏசி இல்லாத அறையில், டிவி அலமாரிக்குள் வைத்தால் அது 2.7-ஐத் தொட்டுவிட்டு உடனே 2.0-க்கு இறங்கி உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே மெதுவான சிப், இன்னும் மெதுவாகும். 6500டி பெட்டியில் ஃபேன் உண்டு, மே மாதத்தில் அதன் சத்தமும் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை தூசி ஊதி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும். எதுவானாலும் மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

பழுது விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 6500டி சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஐ7-6700டி மலிவாகக் கிடைத்தால் கழற்றி மாட்டலாம், எட்டு த்ரெட் கிடைக்கும். பெரிய கம்பெனிகளுக்கு ஆயிரக்கணக்கில் போன மாடல்கள் என்பதால் அடாப்டர், ஃபேன், மூடி, ஏன் மதர்போர்டுகூட இதே தெருவில் கிடைக்கும். ஜே4125 பற்றவைத்த சிப், பெட்டியைச் செய்தவர் யார் என்பதே பல நேரம் தெரியாது. போர்டு போனால் பெட்டி போயிற்று.

வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்டை ஏற்றிக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே அதில் பூட் செய்து பார்க்கலாம், எஸ்எஸ்டியைத் தொடத் தேவையில்லை. தர மாட்டேன் என்றால் அடுத்த கடை. மீரான் சாஹிப் தெரு, நரசிங்கபுரம் தெரு என்று பக்கத்திலேயே எத்தனையோ இருக்கின்றன. முதலில் புராசஸர் பெயரைப் பாருங்கள். "ஐ5 மெஷின்" என்று வாயால் சொல்வது எதையும் குறிக்காது. ஐ5-க்கு அடுத்த சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 6-ஆ என்று பாருங்கள், 4590டி-யை அதே விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். செலரான் பக்கம் ஜே3455-ஐக் காட்டினால் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது முந்தைய அப்பல்லோ லேக் தலைமுறை. அதில் யுஎஸ்பி, எஸ்டி கார்டு, கடிகாரம் போன்றவற்றுக்குப் போகும் மின்சுற்று காலப்போக்கில் நலிவடையலாம் என்று இன்டெலே 2019-இல் அறிவித்து, திருத்திய சிப்பை வெளியிட்டது. பழைய சிப்பா, திருத்தியதா என்று கடையில் நின்று கண்டுபிடிப்பதெல்லாம் ஆகாத வேலை.

பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) நுழைய முடிகிறதா என்று கண்ணெதிரே பாருங்கள். கம்பெனிகள் பாஸ்வேர்டு போட்டே அனுப்பிவிடும், அதை எடுப்பது பிறகு உங்கள் தலையில் விழும். அடாப்டர் அந்த மாடலுக்கே உரியதா என்றும் பாருங்கள். சில பெட்டிகள் அடாப்டரை அடையாளம் காண முடியாவிட்டால் புராசஸர் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும், வேலை செய்வதுபோலவே இருக்கும், 800 மெகாஹெர்ட்ஸில் நகர்ந்துகொண்டிருக்கும். மின்டில் ஒரு வீடியோ ஓடவிட்டு, வேகம் 2.5-க்கு மேல் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை டிஸ்க் கருவி காட்டும். பின்பக்க யுஎஸ்பி ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். மூடியைத் திறக்கச் சொல்லி ஸ்குரூக்களில் துரு, போர்டின் ஓரத்தில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை கணினி நனைந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கடலோரத்தில் ஓடிய பெட்டியிலும் துரு இருக்கும். காரணம் எதுவானாலும் துரு பிடித்தது வேண்டாம்.

விலைக்கு வருவோம். 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 6500டி-க்கு 8,500 சொன்னது ஆரம்ப விலை, முடிவு விலை இல்லை. விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவருக்கும் தெரியும். 7,500 கேளுங்கள். இறங்க மனமில்லை என்றால் அதே 8,500-க்கு இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், எனக்கென்றால் இரண்டாவதுதான் பிடிக்கும். கையெழுத்தோடு பில், அதில் சீரியல் நம்பர், குறைந்தது மூன்று மாதக் கடை வாரண்டி. அடாப்டரும் வாரண்டியில் சேர்த்தியா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.